எண் காட்டாத அழைப்புகள்

செவ்வாய்க்கிழமை மதியம் நோலீன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வீட்டு போன் அடித்தது. அவள் கை துடைக்கத் துணி தேடுவதற்குள் மெர்வ் எழுந்துபோய் எடுத்துவிட்டான். அவனுக்குக் காது மந்தம். அதனால் போனில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்திருப்பான். எதிர்முனையில் பேசுவது அடுப்படிவரை கேட்கும்.

"மிஸஸ் பாஸ்கோ இருக்காங்களா?" ஒரு இளம்பெண்ணின் குரல்.

"நான் அவ வீட்டுக்காரன். எங்கேருந்து பேசற?"

"அதை அவங்ககிட்டதான் சொல்ல முடியும் சார். அதுக்கு முன்னாடி அவங்க பிறந்த தேதியும் விலாசமும் சரிபார்க்கணும்."

"போன் பண்ணது நீ. நீ யாருன்னு சொல்ல மாட்ட. நான் மட்டும் எங்க வீட்டு ஜாதகத்தையே ஒப்பிக்கணுமா?"

"அது எங்க ரூல் சார்."

"எங்க வீட்டுலயும் ஒரு ரூல் இருக்கும்மா. வயசானவங்க வயித்துல அடிக்கறவங்களோட பேசறதில்ல. ரொம்ப முடையா இருந்தா உங்க அம்மா வீட்டுல போய்த் திருடு."

வைத்துவிட்டான். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரில் பேனாவால் ஒரு கோடு இழுத்தான். ஜனவரியிலிருந்து இது நாற்பத்தொன்றாவது கோடு. அந்தக் கோடுகளில் அவனுக்கு இருந்த பெருமை பேரப்பிள்ளைகளின் போட்டோக்களில்கூட இல்லை.

"எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல, மெர்வ்? என் பேரைத்தானே கேட்டா."

"குடுத்தா நீ தேதியைச் சொல்லிடுவ. எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டறதுதானே உன் வழக்கம்."

நோலீன் மறுபடி ரொட்டிப் பக்கம் திரும்பினாள். வெண்ணெய்க் கத்தி ரொட்டியைத் தாண்டிப் பலகையில் இழுபட்டது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலது கண் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. ரொட்டியின் ஓரம் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்பதே சரியாகத் தெரியவில்லை.

பதினான்கு மாதமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் வரிசையில் அவள் பெயர் இருந்தது. அவர்கள் ஊரான மெர்ரிகாலிலிருந்து அது நூற்றுப் பத்து கிலோமீட்டர். எட்டாவது மாதம் பொறுக்கமுடியாமல் அவளே கூப்பிட்டுக் கேட்டாள். "நீங்க கூப்பிடாதீங்க, நாங்களே கூப்பிடறோம்" என்று பதில் வந்தது. இந்த நாட்டில் பிறந்து எழுபது வருடம் வரிசையில் ஒழுங்காக நின்று பழகியவள் அவள். கூப்பிடாதே என்றால் கூப்பிடமாட்டாள். காத்திருந்தாள். மார்ச்சில் டாக்டர் சொல்லி ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக வியாழக்கிழமைகளில் பதினோரு வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள், இப்போது தோழி கோரல் ஓட்ட, பக்கத்து இருக்கையில் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போகிறாள். மெர்வ் ஓட்டலாம்தான். ஆனால் அவனுக்கு இரண்டு காலும் மரத்துப்போகும் வியாதி, கடைத்தெருவைத் தாண்டிப் போகமாட்டான். கண் திரும்பக் கிடைத்தால்தான் அவளுக்குக் கார் கிடைக்கும், கார் கிடைத்தால்தான் அந்த வீட்டை விட்டு அவள் இஷ்டப்படி வெளியே வரமுடியும். அவ்வளவுதான் விஷயம்.

மெர்வ் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. இரண்டு வருடம் முன்பு கம்ப்யூட்டரில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டியான கேரவன் ஒன்றின் விளம்பரம் பார்த்தான். ஓய்வு பெற்றதிலிருந்து நாடு முழுக்கச் சுற்றிவர வேண்டுமென்று அவனுக்கு ஆசை. விற்றவள் புருஷனை இழந்தவளாம், ராணுவத்தில் வேலையாம், திடீரென்று வடக்கே மாற்றலாம், அதனால்தான் அந்த விலையாம். எட்டாயிரத்து ஐநூறு டாலர் அனுப்பிவிட்டு, வண்டியை இழுத்துவர நானூறு கிலோமீட்டர் போனார்கள். அவள் தந்த விலாசத்தில் நாய் குளிப்பாட்டும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரப் பெண் மெர்வைப் பார்த்ததுமே, "கேரவனா? இந்த மாசம் நீங்க மூணாவது ஆள்" என்றாள்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில், "மெர்வ், வண்டி நிறுத்த இடம் பாத்துட்டியா?" என்று கேட்டு ஒரு வருடம் சிரித்தார்கள். நோலீனும் சும்மா இருக்கவில்லை. அவன் குழாயைச் சரியாக மூடாவிட்டால்கூட, "கேரவன் வாங்கின புத்திசாலிதானே நீ" என்பாள். அவள் ஒருமுறை சொன்னால் அவன் இரண்டு நாள் பேசமாட்டான்.

அப்புறம்தான் அவன் இப்படி ஆனான். எதிர்முனை பேசினதைப் பதிவு செய்யும் மெஷினைப் பிடுங்கிப் போட்டான். காகிதம் கிழிக்கும் மெஷின் ஒன்று வாங்கினான். தடித்த பேனாவால் எழுதி ஃபிரிட்ஜில் ஒரு தாளை ஒட்டினான். நம்பர் காட்டலையா, திருடன். பிறந்த தேதி கேக்கறானா, திருடன். உடனே செய்யணுங்கறானா, திருடன். லிங்க் அனுப்பறானா, பெரிய திருடன். தப்பாக எதுவும் எழுதவில்லை. நூலகத்தில் அவனைக் கூப்பிட்டுப் பேசச்சொன்னார்கள், பேச்சுக்கு மாதம் ஒருமுறை என்று நாள் குறித்தார்கள். ஏமாந்ததற்குச் சிரித்த அதே ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அதில் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அதைக் கெடுக்க நோலீனுக்கு மனம் வரவில்லை.

கடிதங்களைப் படிப்பதும் அவன்தான், அவளுக்கு எழுத்து தெரிவதில்லை. ஆறு வாரம் முன்பு ஒன்று வந்தது. "கேளு இதை" என்று உரக்கப் படித்தான். "அன்புள்ள நோலின். உன் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியல. உங்கள் சிகிச்சை தேவை குறித்து உறுதிப்படுத்த கீழே உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்யவும். பதினாலு நாளுக்குள் பதில் வராவிட்டால் உங்கள் பெயர் நீக்கப்படும். எங்கேருந்து வந்திருக்கு பாரு, மெல்போர்ன்ல ஏதோ தபால்பெட்டி."

"ஒருவேளை ஆஸ்பத்திரியா இருந்தா?"

"ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரின்னு ஒரு பேர் இருக்காதா? இதுல 'பராமரிப்பு ஒருங்கிணைப்புக் குழு'ன்னு போட்டிருக்கான். பதினாலு நாளாம். அவசரப்படுத்தறவன் யாரு?"

"திருடன்" என்று அவள் அலுப்போடு சொன்னாள். மெஷின் கர்ரென்று கடிதத்தைத் தின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அன்றைக்கு அவளும் சேர்ந்துதான் தலையாட்டினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாப்பாட்டு டப்பாக்களோடு காரில் போகும்போது கோரலிடம் செவ்வாய்க்கிழமைப் போனைப் பற்றிச் சொன்னாள். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னாள். கோரல் சிரிக்கவில்லை, வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"நோலீன், எங்க அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சுல்ல. ஆஸ்பத்திரிக்காரங்க கூப்பிட்டா நம்பர் எப்பவுமே காட்டாது. மொதல்ல பிறந்த தேதிதான் கேப்பாங்க. நீதான்னு தெரியாம உன் உடம்பு விஷயத்தை வேற யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம். ஆஸ்பத்திரின்னு கூட சொல்ல மாட்டாங்க."

"பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கேட்டா புருஷன் என்ன நினைப்பான்?"

"உன் புருஷன் என்ன நினைச்சாரோ அதைத்தான் நினைப்பான். எத்தனை தடவை வெச்சாரு?"

நாற்பத்தொரு கோட்டில் எத்தனை திருடன், எத்தனை ஆஸ்பத்திரி என்று யாருக்குத் தெரியும்? நோலீனுக்கு மடியில் இருந்த டப்பாக்களின் சூடு திடீரென்று தாங்கமுடியாமல் போனது. மீதி ஐந்து வீடுகளிலும் டப்பாவை நீட்டிவிட்டு உடனே காருக்குத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மெர்வ் இல்லை. நூலகத்தில் அன்றைக்கு அவன் பேச்சு. திருடர்களை அடையாளம் காண்பது எப்படி என்று பத்துக் கிழங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான், நடுவில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் இருக்கும். வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவள் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இனிமேல் இந்த போனை அவள்தான் எடுப்பாள்.

இரண்டரைக்கு அடித்தது. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாள்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம். என் பேர் கெவின். அரசு ஹெல்த் டிபார்ட்மென்ட்லேருந்து பேசறேன். உங்க பேர்ல ஒரு விஷயம் நிலுவையில இருக்கு."

என்ன மரியாதையான குரல். கேட்காமலே பேரைச் சொல்கிறான், இடத்தைச் சொல்கிறான்.

"கண் ஆபரேஷன் விஷயமா?"

ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. "ஆமா மேடம், உங்க கண் ஆபரேஷன் விஷயமாத்தான்."

"பெரிய ஆஸ்பத்திரிலதானே?"

"அதேதான் மேடம்."

"செவ்வாய்க்கிழமை ஒரு பொண்ணு கூப்பிட்டது..."

"எங்க ஆபீஸ்தான் மேடம். அன்னிக்குப் பேச முடியலை."

"அது என் புருஷன். மன்னிச்சுக்கோங்க. நல்ல மனுஷன்தான், ஒரு தடவை ஏமாந்துட்டார், அதுலேருந்து யாரையும் நம்பறதில்ல."

"புரியுது மேடம். எங்க அப்பாவும் அப்படித்தான்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் நெஞ்சு இளகிப்போனது. பிறந்த தேதி கேட்டான், சொன்னாள். அரசு மருத்துவச் சலுகைக்கான மெடிகேர் நம்பர் கேட்டான். அது அவளுக்கு மனப்பாடம், அதையும் சொன்னாள். வரும் புதன்கிழமை ஒருவர் வராததால் ஒரு இடம் காலியாக இருக்கிறதென்றான். அதை அவள் பேருக்கு மாற்ற முந்நூற்று எண்பது டாலர் முன்பணம், ஆபரேஷன் அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவார்களாம், கார்டு நம்பர் சொன்னால் போதுமாம். புதன்கிழமை. ஆறே நாள். பணம் என்ற சொல்லை அவள் கேட்கத்தான் செய்தாள், ஆனால் புதன்கிழமை அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

பையிலிருந்து கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து தெரிந்தன. பூதக்கண்ணாடியை வைத்து முதல் நான்கைப் படித்துச் சொன்னாள். அடுத்த நான்கில் மூன்றா எட்டா என்று தெரியாமல் விரலால் தடவிப் பார்த்தாள்.

"மேடம்?"

"இருங்க, தெரிய மாட்டேங்குது. இதுக்குத்தானே ஆபரேஷன். ஆமா, அன்னிக்கு நான் சமைக்கலாமா, கூடாதா? எந்தக் கண்ணு மொதல்ல?"

"கவலையே வேண்டாம் மேடம். ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல முடிச்சுடுவோம்."

பூதக்கண்ணாடி நகராமல் நின்றது. இரண்டும் ஒரே நாளிலா? டாக்டரிடம் அவள் இதைத்தான் முதலில் கேட்டிருந்தாள். இடது கண் முதலில், அது ஆறின பிறகுதான் வலது, சேர்த்துச் செய்யவே மாட்டோம் என்று அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"எந்த டாக்டர் செய்வார்?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே மெலிதாகக் கேட்டது.

"மேடம், அதெல்லாம் அப்புறம். அடுத்த நம்பரைச் சொல்லுங்க. இன்னொருத்தங்க லைன்ல காத்திருக்காங்க, இடம் போயிடும்."

அவள் போனை வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை, இரண்டாம் முறை அழுத்தி வைக்க வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அவன் எதையுமே சொல்லவில்லை. கண் என்று சொன்னது அவள். ஆஸ்பத்திரி என்று சொன்னது அவள். செவ்வாய்க்கிழமை என்று சொன்னதும் அவள்தான். அவள் தட்டில் வைத்துக் கொடுத்ததை அவன் எடுத்துத் திருப்பிப் பரிமாறினான். முகத்தில் ரத்தம் ஏறி எரிந்தது. சின்ன வயதில் கடையில் மிட்டாய் திருடி மாட்டிக்கொண்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

நாலு மணிக்கு மெர்வ் மிச்ச ஸ்கோன்களை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டு வருடமாக அவனைக் குத்திய அத்தனை குத்தும் இப்போது வட்டியோடு திரும்பிவரும் என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தான். "கார்டுல எத்தனை நம்பர் சொன்ன?"

"நாலு. அஞ்சாவது தெரியல."

"சரி." ஸ்கோன் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தான். "நீ கேட்ட பாரு, எந்தக் கண்ணுன்னு. நான் அதுகூடக் கேக்கல, நோல். அந்தக் கேரவன் என்ன கலர்னுகூட நான் கேக்கல. கேட்டா கெடைக்காமப் போயிடுமோன்னு இருந்துச்சு."

நோலீன் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தூரத்தில் அது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. இவனை முட்டாள் என்று இரண்டு வருடம் சொல்லியிருக்கிறாள். ஆசைப்பட்டவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவனே பேங்குக்குப் பேசி அந்தக் கார்டை நிறுத்தினான், மெடிகேருக்குப் பேசிப் புகார் கொடுத்தான். இதிலெல்லாம் அவனுக்கு இப்போது நல்ல தேர்ச்சி. அதற்குப் பிறகுதான் கோரல் சொன்னதை அவள் சொன்னாள். அவன் எழுந்துபோய் டாக்டர் கொடுத்த பழைய சீட்டைத் தேடி எடுத்தான். அதில் அச்சடித்திருந்த நம்பரை அவனே அழுத்தினான். போனை மேஜை நடுவில் வைத்து இருவருக்கும் கேட்கும்படி செய்தான்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. பிறகு பியானோ. மறுபடி முக்கியம், மறுபடி பியானோ. ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஓடியது. தேநீர் ஆறியது, ஸ்கோன்கள் தீர்ந்தன. மெர்வ் மூன்று தடவை கெட்ட வார்த்தை சொன்னான், அவள் ஒரு தடவை சொன்னாள்.

கடைசியில் பெத்தனி என்ற பெண் லைனில் வந்தாள். "பிறந்த தேதி சொல்லுங்க தங்கம்." மெர்வின் தாடை இறுகியது. நோலீன் சொன்னாள்.

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க பேரை மூணாந்தேதி எடுத்துட்டாங்களே, நோலீன். ரெண்டு லெட்டர் போயிருக்கு. அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கோம்."

"செவ்வாய்க்கிழமை பத்தாந்தேதி ஆச்சே. அப்பவும் கூப்பிட்டீங்களே."

"அது எடுத்துட்டோம்னு சொல்றதுக்குக் கூப்பிட்டது."

"மறுபடி சேர்க்க முடியாதா?"

"டாக்டர்கிட்ட புதுசா லெட்டர் வாங்கி அனுப்பணும். அது வந்தா வரிசைல கடைசியிலேருந்து சேர்ப்போம். இப்போ பதினாலு மாசத்துக்கு மேல ஆகுது."

மெர்வ் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். நோலீன் மேஜையின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"அடுத்த தடவை கூப்பிட்டா நம்பர் தெரியுமா?"

"தெரியாது தங்கம். எங்க சிஸ்டம் அப்படி."

"ஆஸ்பத்திரின்னாவது சொல்வீங்களா?"

"நீங்கதான்னு உறுதியானாத்தான் சொல்லலாம்."

"நான் ஒரு வார்த்தை தரேன். அதைச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க. நீங்கதான்னு எனக்குத் தெரியும்ல?"

பெத்தனி நிஜமாகவே யோசித்தாள். "நல்ல யோசனைதான். ஆனா அதை எழுத இங்க கட்டம் இல்லையே."

"எதைத்தான் எழுதியிருக்கீங்க அங்க?"

"குறிப்புன்னு ஒரு வரி இருக்கு." பெத்தனி தயங்கிப் படித்தாள். "வீட்டில் ஆண். மிரட்டும் பேச்சு. ஊழியரை அவர் அம்மா வீட்டில் திருடச் சொன்னார். ஒத்துழைப்பு இல்லை."

மெர்வ் எழுந்து அடுப்படிப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அதை மாத்தி எழுதணும்" என்றாள் நோலீன். "அவர் செஞ்சது சரின்னு எழுதுங்க. யாருன்னே சொல்லாதவங்களுக்கு எதையும் சொல்லக்கூடாது, அதைத்தான் அவர் செஞ்சார். அதனால என் கண்ணு போகுதுன்னும் எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க."

"ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு, தங்கம். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

நோலீன் அந்த முதுகு இருந்த திசையைப் பார்த்தாள். அது ஒரு சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரிந்தது.

"நான் மொதல்ல சொன்னதையே எழுதிக்கோங்க" என்றாள்.